ஒட்டிய நம்பர் பிளேட்டுடன் டிரேசிக்கு

புதன், மாலை. டப்ளின், கலிபோர்னியா.

கரூரிலிருந்து நான் தங்கை சுமதி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மறுநாள் காலை டிரேசி என்ற ஊருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. டப்ளினிலிருந்து கிழக்கே இருபத்தைந்து மைல், நம் கணக்கில் நாற்பது கிலோமீட்டர். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. சுமதிக்கு அங்கே டிரைவிங் டெஸ்ட். பக்கத்து ஊர்களில் இடம் கிடைக்காமல் மலைக்கு அந்தப் பக்கம் கிடைத்த தேதி அது. பக்கத்து ஊரான லிவர்மோரில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், அதுவும் விடிகாலையில். அந்த நேரத்துக்குத் தோதான பஸ் கிடையாது. லைசன்ஸ் இல்லையென்றால் வேலையும் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது, டெஸ்டில் காரில் என்னென்ன பார்ப்பார்கள் என்று சுமதி போனில் படித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, முன்னாடியும் நம்பர் பிளேட் இருக்கணும். இல்லைனா டெஸ்டே எடுக்க மாட்டாங்களாம்."

என் மாப்பிள்ளை, அவள் கணவர் ரகு, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. புதுக் காரின் முகத்தில் ஓட்டை போட மனசு வராமல், முன்பக்கத் தகட்டை டிக்கியிலேயே போட்டு வைத்திருந்தார்.

"கண்ணாடிக்குள்ள டேஷ்போர்டு மேல வச்சுக்கலாமே."

"அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. உங்களுக்கு கார் மூஞ்சி முக்கியமா, என் வேலை முக்கியமா?"

மாப்பிள்ளை எழுந்து போய் அலமாரியிலிருந்து நீளமான ஓர் அட்டை உறையை எடுத்து வந்தார். உள்ளே கார் நம்பர் அச்சடித்த ஸ்டிக்கர், தகட்டின் அதே அளவில். வாங்கி ஒரு மாதமாயிற்றாம். நூறு டாலர் சொச்சம். ஒட்டப் பயந்துகொண்டு வைத்திருந்தார்.

எனக்குச் சந்தேகம். "மாப்பிள்ளை, நம்ம ஊர்ல நம்பரை ஸ்டிக்கர்ல ஒட்டினா போலீஸ்காரன் ஓரங்கட்டுவான். இங்க செல்லுமா?"

"கலிபோர்னியால முன்னாடி மட்டும் செல்லும் மச்சான். ஸ்டேட் அப்ரூவ் பண்ண கம்பெனிலதான் வாங்கணும். நாமளே பிரிண்ட் பண்ணி ஒட்டினா ஃபைன் போட்டுடுவாங்க. பின்னாடி தகடு கட்டாயம். டெக்சாஸ்ல ஆலன்ல இருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தன் இதைப் பார்த்துட்டு எனக்கும் ஒண்ணு வாங்குடான்னான். உங்க ஊர்ல செல்லாதுடான்னு சொல்லிட்டேன்."

"அப்ப ஒட்ட வேண்டியதுதானே?"

"ஒரே சான்ஸ்தான் மச்சான். கோணலாப் போனா அவ்வளவுதான்."

வியாழன், காலை. வாசலில் பனிமூட்டம். பம்பரைத் தொட்டால் விரல் சில்லிட்டது. குளிரில் பசை பிடிக்காது என்று உறையில் எழுதியிருந்தது. சுமதி உள்ளே போய்த் தலை காயவைக்கும் டிரையரையும் நீள வயரையும் கொண்டு வந்தாள். முதலில் பம்பரைத் துடைத்தோம். பிறகு நான் டிரையரைப் பிடித்தேன். மாப்பிள்ளை முழங்காலிட்டு ஸ்டிக்கரின் ஒரு ஓரத்தை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"தள்ளுங்க," என்று சுமதி வாங்கிக்கொண்டாள். ஒரு கையால் பின்தாளை உரித்துக்கொண்டே, மறு கையால் துணியை வைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்தாள். சப்பாத்திக்கு மாவு தேய்க்கிற மாதிரி அத்தனை சாதாரணமாக. மூலையில் ஒரு சின்னக் குமிழ் மட்டும் நின்றது. மாப்பிள்ளை அதைத் தொடப் போனார், கையைத் தட்டிவிட்டாள்.

அவளே ஓட்டினாள், பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் நான். லிவர்மோர் தாண்டியதும் ஃப்ரீவே மலையேறியது. மழைக்காலம் முடிகிற பருவம். குன்றுகள் பச்சைப்பசேல் என்றிருந்தன. உச்சியில் காற்றாலைகள். எதிர்த் திசையில் வேலைக்குப் போகிறவர்களின் கார்கள் நகராமல் நின்றன. லாரி ஒன்று பக்கத்தில் வந்தபோது ஸ்டியரிங்கை அவள் இறுக்கிப் பிடித்தது பின்சீட்டிலிருந்தே தெரிந்தது.

டிரேசியில் டெஸ்ட் நடத்த வந்தவர் உயரமான அம்மாள். பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் பார்த்துவிட்டு முன்னால் வந்து நின்றார். குனிந்தார். கட்டை விரலால் ஸ்டிக்கரை அழுத்தினார்.

"இது தகடு இல்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் சுமதி கண்ணாடியை இறக்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: இது மாநிலம் அனுமதித்தது, முன்பக்கத்துக்கு மட்டும், பின்னால் தகடு இருக்கிறது. அந்த அம்மாள் பின்னால் போய்ப் பார்த்தார். பதிவுச் சீட்டு நம்பரோடு ஒத்துப் பார்த்தார். அப்படியும் திருப்தியில்லாமல் உள்ளே போனார். அவர் திரும்பி வருகிற வரையில் மூவரும் அலுவலகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தவர் முகத்தில் சிரிப்பு. "சரிதான், செல்லும். நான் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். இவ்வளவு ஒழுங்காக எந்தக் கடையில் ஒட்டினார்கள்?"

"கடை இல்லை. நான்தான். ஹேர் டிரையர் வைத்து."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். சுமதியும் சிரித்தாள். கார் கிளம்பியபோது அவள் தோள்கள் தளர்ந்திருந்தன.

நாங்கள் இருவரும் பெஞ்சில் காத்திருந்தோம். "ஓட்டையே போட்டிருக்கலாம் மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

கார் திரும்பி வந்தது. சுமதி இறங்கி எங்களைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். பாஸாகிவிட்டாள்.

திரும்பும் வழியில் லிவர்மோர் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட நிறுத்தினோம். அர்ச்சகர் எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு, வண்டி யார் பெயரில் என்று கேட்டார். கடன், இன்சூரன்ஸ் எல்லாம் மாப்பிள்ளை பெயரில்தான். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஓட்டறவங்க பேருக்குப் பண்ணிடுங்க சாமி. சுமதி, ரோகிணி நட்சத்திரம்."

அடுத்த வாரம் நான் ஊருக்குக் கிளம்பினேன். மாப்பிள்ளைக்கு ஆபீஸ்; சுமதிக்கு அன்று மட்டும் மதியத்துக்கு மேல்தான் வேலை. அவளே விரிகுடாப் பாலம் கடந்து சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குக் கூட்டி வந்தாள். வாசலில் அதிக நேரம் நிற்கக் கூடாது; காவலர் கை காட்டி விரட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க. நான் கிளம்பறேன், டேகேருக்கு லேட் ஆயிடும்."

கரூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் மறைகிற வரைக்கும் நின்று கையசைக்கிறவர்கள் வழியனுப்ப வந்தவர்கள்தான். இங்கே ஊருக்குப் போகிற நான் பெட்டியோடு நின்று கையசைத்தேன். இண்டிகேட்டர் போட்டு, தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்து, அவள் போயேவிட்டாள்.