அண்ணனும் 'தங்கல' என்ற சொல்லும்

அண்ணன் போய் ஓராண்டு திரும்பிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றாருக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். எனக்குப் பேசத்தான் தெரியும். பேசுவது போலவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது திருவாலங்காட்டில். அப்பா சீக்கிரமே காலமானதால் எட்டாவதோடு படிப்பு நின்றது. அறுபதுகளின் தொடக்கத்தில் கடம்பத்தூர்ப் பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில் சேர்ந்தார். உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். "சோறு போடுற கையை மோந்து பாக்கக் கூடாது" என்பார். சீமை வெள்ளைப் பன்றி எத்தனை குட்டி போட்டது, நாட்டுக் கறுப்பு எத்தனை போட்டது என்று எழுதுவதும், அறுத்த தாய்ப்பன்றிகளின் கருப்பையை ஆராய்ச்சிக்காகக் கால்நடை டாக்டருக்கு எடுத்து வைப்பதும் அவர் வேலை.

அண்ணிக்கு மூன்று முறை கரு உண்டானது. மூன்றும் இரண்டாம் மாதத்தைத் தாண்டவில்லை. குழாயடியில் ஒருத்தி அண்ணி காதுபடவே, "புருசன் பன்னிக்குப் பத்துப் பத்தா பிரசவம் பாக்குறான், ஊட்டுல ஒண்ணு தங்கல பாரு!" என்றாள். அம்மாவும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார்.

"வெயில்ல சுத்தினா இன்னாத்துக்குத் தங்கும்? அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பு நைனா. வேற பொண்ணு பாக்குறேன்."

அண்ணி ட்ரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கிவிட்டார்.

அண்ணன் சண்டை போடவில்லை. மறுநாள் காலை அம்மாவைப் பண்ணைக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "என்னை எங்கடா இட்டாந்துக்கிற, பேஜாரு புடிச்சவனே!" என்றார்.

எனாமல் தட்டில் ஒரு வெள்ளைப் பன்றியின் கருப்பை இருந்தது. ஓரத்தில் இருந்த சினைப்பைகளை அண்ணன் காட்டினார்.

"மஞ்சளா மேடு மேடா இருக்குதே, எண்ணும்மா. முட்டை ஒண்ணு வுழுந்தா மஞ்சள் ஒண்ணு."

அம்மா எண்ணினார். பதினாலு. பிறகு அண்ணன் கருப்பையை விரித்தார். மொச்சைக்கொட்டை அளவில் கருக்கள். ஒன்பது.

"மீதி அஞ்சு எங்கடா?"

"தங்கல."

அடுத்த தட்டில் நாட்டுக் கறுப்பு. மஞ்சள் எட்டு, கரு ஆறு.

"இதுங்க இன்னா பண்ணுச்சுங்க?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணும் பண்ணல. தின்னுக்கினு நெழல்ல படுத்துக்கினு இருந்துதுங்க. எந்த ஜாதியா இருந்தாலும் கொஞ்சம் கரைஞ்சுதான் போவுது. டாக்டருக்கே முழுசாத் தெரியல. என் பொண்டாட்டி மட்டும் இன்னா பண்ணுவா?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணியின் பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். "வயித்துல தங்கலன்னா இன்னா, ஊட்டுல நீ தங்கு" என்றார். அண்ணி அழுதது பக்கத்து வீடு வரை கேட்டது.

அதன்பிறகு கரு உண்டாகவே இல்லை. "பன்றிக்குப் பல குட்டி, சிங்கத்துக்கு ஒரு குட்டி" என்று யாராவது சொன்னால், "குட்டி இல்லாத சிங்கமும் சிங்கந்தாம்ப்பா" என்று அண்ணன் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் நம்பியதில்லை.

போன ஆண்டு நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். "மூணு" என்றார் அண்ணன். எங்கே என்று கேட்டதற்கு, "தங்கல" என்றார். கேட்டவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் அண்ணனும் தங்கவில்லை.

இரவு பகல் உடனிருந்த பண்ணைத் தோழர்களுக்கும், மகனாய் நின்று கொள்ளி வைத்த பெரியப்பா பேரனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இந்த மலரை அச்சுக்குக் கொடுத்தபோது, குடும்ப விவரத்தில் பிள்ளைகளைக் குறிக்கும் 'மக்கள்' என்ற வரியை எடுத்துவிடலாமா என்று அச்சகத்தார் கேட்டார். அண்ணிதான் பதில் சொன்னார்: "பேரு வேணாம். மூணு பேருன்னு போடுங்க."

முதல் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. யாரும் அச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம்.