மூன்று தடவை சீவிய கதவு

போன வருஷம் ஆனி மாத மழையில், இலங்கை மலையகத்தில், டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாதையில் நடந்தது இது.

பழைய சின்ன பஸ் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து, ஓடும் வீடாக மாற்றி, சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிறவன் நான். சமையல் என் மனைவி. கதவு நானே செய்த மரக்கதவு, என் தீராத தலைவலி. எங்கள் வாசலில் விரலால் தள்ளினால் திறக்கும். மலையில் நிறுத்தினால் அடம்பிடிக்கும். ஈரத்தில் மரம் ஊதுகிறது என்று மூன்று தடவை சீவினேன். இடுக்கில் சாரல் அடித்தது. தடித்த ரப்பர் பட்டி ஒட்டினேன். முன்னைவிட இறுகிப்போனது.

அன்று காலையிலும் அவள் சொன்னாள். "ஏங்க, வீட்டுல நல்லாத்தானே தொறக்குது? நீங்க வண்டிய நிப்பாட்டுற லட்சணத்தப் பாருங்க."

"ஒனக்கு என்னா தெரியும்? நீ ரொட்டியப் பாரு" என்றேன்.

இறக்கத்தில் நிறுத்தும்போது ஒரு முன் சக்கரத்தை மண்கரையில் ஏற்றிவிடுவது என் பழக்கம். வண்டி கோணிக்கொண்டு நிற்கும், ஆனால் உருளாது. அன்றும் அப்படித்தான் நிறுத்தினேன். பயணிகள் தேயிலை மலையைப் பார்க்க நடந்துவிட்டார்கள். நான் வெளியே டயர் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவள் கத்தினாள்.

"ஏங்க, கேஸ் டியூப் கழண்டுருச்சு! சிலிண்டர மூட மூட நிக்க மாட்டேங்குது! கதவு தொறக்கல!"

ஓடிப்போய் இழுத்தேன். கைப்பிடிதான் கையோடு வந்தது. குரங்குத் தொல்லைக்காக ஜன்னலுக்கெல்லாம் கம்பி அடித்தவன் நான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பலகை அடைத்தவனும் நான். என் பெண்டாட்டியை நானே பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். பெட்டரியில் ஓடும் ஃப்ரிட்ஜ் எந்த நிமிஷமும் தானாகத் தொடங்கும். ஒரு பொறி போதும்.

கதவைப் பெயர்க்க இரும்பு அலவாங்கை ஓங்கினேன்.

"இரும்பால அடிக்காதீங்க!" ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமினாள். "காலையில சொன்னேனே, வண்டிய நேராக்குங்க!"

எஞ்சினைத் தொட முடியாது, அதிலும் பொறி வரும். ஜாக்கை எடுத்து, தாழ்ந்திருந்த பக்கத்தில் முன் சக்கரத்தருகே வைத்துத் தூக்கினேன். சேற்றில் அமிழ்ந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி அமிழ்ந்தது. கதவைச் சீவும்போது முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். அதை ஜாக்குக்கு அடியில் போட்டேன். விடாமல் திருப்பினேன்.

"கதவுக்கு மேல வெளிச்சம் தெரியுதுங்க... இன்னும்... இன்னும்..." அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. பிறகு சத்தமே இல்லை. நான் எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

வண்டி நேராகி, கதவை நெரித்துக்கொண்டிருந்த சட்டம் விட்டுக்கொடுக்க, திடீரென்று கதவு தானாகத் திறந்துகொண்டது. கூடவே அவளும் வெளியே விழுந்தாள். தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். மழையில் கொஞ்ச நேரம் கிடந்து மூச்சு வாங்கியவள், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இப்ப போயி ரொட்டியப் பாக்கவா?"

நான் அவள் காலடியில் சேற்றில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்த கையோடு ஜன்னல் கம்பிகளைப் பிடுங்கிப் போட்டேன். சிலிண்டரை வண்டிக்கு வெளியே பெட்டி கட்டி வைத்தேன். இப்போது எங்கே நிறுத்தினாலும் நான் முதலில் கேட்பது, "இங்க சரியா?" அவள் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாலும், அன்று உள்ளேயிருந்து சத்தம் வராமல் போன அந்த அரை நிமிஷம் திரும்பி வருகிறது; ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன்.