பதினொரு பேருக்கு ஒரு வீடு

சுகாதாரப் பிரிவின் தலைவி என்பது அவளுடைய பதவி. பிரிவு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் இரும்பு அலமாரி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கால் ஆடும் மேசை, அப்புறம் இவள். வீடில்லாதவர்களுக்காக நடந்த அந்தத் தொண்டு நிறுவனத்தில் எல்லோருக்கும் அவள் நர்சம்மா.

அதற்கு முன் பதினாறு வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தவள். ஒருநாள், வயிற்றுத் தையல் ஆறாத ஒருவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். மூன்றாம் நாள் அதே ஆள் மேம்பாலத்துக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்திருப்பதை பஸ்ஸிலிருந்து பார்த்தாள். கட்டு அவிழ்ந்து மண்ணில் புரண்டது. அடுத்த மாதமே வேலையை விட்டு இங்கே வந்து சேர்ந்தாள். “நல்ல வேலைய விட்டுட்டு வம்ப விலைக்கு வாங்குறா,” என்றார் நாத்தனார். அது அப்படியொன்றும் தப்பான கணிப்பு இல்லை என்பது தொற்று வந்த பிறகு தெரிந்தது.

தெருத்தெருவாக ஒலிபெருக்கி வண்டி வந்தது. எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்றது. “எந்த வீட்டுல நர்சம்மா?” என்று கேட்டவர் ரேடியோ. விடிந்ததிலிருந்து அடையும்வரை வாய் ஓயாது, அதனால் அந்தப் பேர். ஒரு காலத்தில் கடைப் பலகைகள் எழுதியவர்; இப்போது ராத்திரியில் நிறுவனத்தின் கூடத்தில் படுப்பவர்.

தங்கும் கூடத்தில் அறுபது பாய்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டிக் கிடந்தன. இடைவெளி விடச் சொல்லி உத்தரவு வந்தது. அவளே சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தாள். இருபத்தாறுதான் அடங்கியது. மீதி முப்பத்துநாலு பேரில் யாரை வெளியே அனுப்புவது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. கைகழுவத் தெருவில் நாலு குழாய் கேட்டு எழுதினாள். கைகழுவுவது எப்படி என்ற சுவரொட்டிகள் இரண்டு கட்டு வந்து சேர்ந்தன.

ஒருநாள் காலை ரேடியோ பேசவில்லை. அதிலேயே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வேனில் ஏற்றிப் பரிசோதனை மையத்துக்குக் கூட்டிப்போனாள்.

“முகவரி?” என்றார் எழுத்தர்.

“இல்லைங்க. ரோட்டுல இருக்கிறவர்.”

“இல்லன்னு போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா.”

“எங்க நிறுவனத்து முகவரியப் போடுங்க.”

“அது ஆபீஸ். குடியிருக்கிற வீடு வேணும். வீடு இல்லாம டெஸ்ட் இல்ல, டெஸ்ட் இல்லாம பெட் இல்ல.”

பின்னால் ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். அவள் தன் வீட்டு முகவரியைச் சொன்னாள்.

“உங்களுக்கு என்ன உறவு?”

“அண்ணன்.”

அந்த வாரம் இன்னும் பத்துப் பேர். ஒரு சித்தப்பா, இரண்டு மாமா, ஓர் ஓரகத்தி என்று குடும்பம் பெருகியது. பதினொரு பேருக்கும் படுக்கை கிடைத்தது.

வியாழக்கிழமை காலை அதிகாரி ஒருவர் ஒட்டும் தாளோடு வீட்டு வாசலில் நின்றார். கணவர் பல் தேய்த்தபடி கதவைத் திறந்தார்.

“இந்த வீட்டுல பதினொரு பேருக்குத் தொற்று. மத்தவங்க எல்லாம் வெளிய வராதீங்க.”

“ரெண்டு ரூம்ல பதினொரு பேரா? நாங்க மூணு பேரே பாத்ரூமுக்கு வரிசையில நிக்கிறோம் சார்.”

அவள் ஓடிவந்து நடந்ததைச் சொன்னாள். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், “பொய் முகவரின்னா கேஸ் ஆகும், அந்த பெட்டுங்களும் ரத்தாகும். உண்மைன்னா பதினாலு நாள் வாசல் தாண்டக் கூடாது. எதுன்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க,” என்றார்.

“உண்மைதான்,” என்றாள்.

கதவில் தாள் ஒட்டப்பட்டது. பால்காரர் தெருமுனையோடு நின்றுகொண்டார். லேத் பட்டறையில் வேலை பார்த்த கணவர் நாள் முழுவதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, சாயங்காலம்தான் வாய் திறந்தார்: “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” சொல்லியிருக்கலாம்தான்.

மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில் குடையோடு உட்கார்ந்து போனிலேயே வேலையை நடத்தினாள். மறுமுனையில் நிறுவனத்து வேன் டிரைவர். வண்டியைத் தவிர வேறெதையும் தொட்டுப் பழகாத மனிதர்.

“நர்சம்மா, இந்த ஆக்சிஜன் கிளிப்ப எந்த விரல்ல மாட்டணும்?”

“ஆள்காட்டி விரல்ல. எவ்வளவு காட்டுது?”

“எண்பத்தஞ்சு. நல்ல மார்க்குதானே?”

“அது மார்க் இல்லண்ணே. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.”

கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியது. கூடத்தில் இருந்தவர்களை டிரைவர் எப்படியோ சமாளித்தார்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ரேடியோ விடியற்காலையில் போய்விட்டார். பதிவேட்டில் அவள் பெயர் தங்கை என்று இருப்பதால் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவள் அதே அதிகாரியை அழைத்தாள்.

“தனிமைல இருக்கிறவங்க வெளிய போகக் கூடாதும்மா.”

“எங்க அண்ணன்னு நீங்கதானே சார் எழுதிட்டுப் போனீங்க?”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

உரிமை கோராத உடல் என்று கணக்கில் வைத்து அடக்கம் செய்தார்கள். அவள் அழவில்லை. மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை வெடுக்வெடுக்கென்று இழுத்துச் சுருட்டினாள். ஒரு சட்டை கிழிந்தது. கணவர் அதைக் கையிலிருந்து வாங்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “எப்படிப்பட்ட மனுஷன் அவரு?” என்று கேட்டார். அவள் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினேழு கடிதம் எழுதிய பிறகு, எட்டாவது மாதம், படிவத்தில் ‘முகவரி இல்லாதவர்’ என்று ஒரு கட்டம் சேர்ந்தது. அந்த மகிழ்ச்சி தடுப்பூசி வரும்வரைதான். அது வேறு துறை, வேறு படிவம். வீட்டு முகவரியும் போன் நம்பரும் இல்லாமல் பெயரையே பதிய முடியவில்லை. இந்த முறை அவள் கடிதம் எழுதவில்லை. நாற்பது பேரை வேனில் மூன்று நடையாக ஏற்றிப்போய் அந்தத் துறை அலுவலகத்து வராந்தாவில் உட்காரவைத்தாள்.

“என்னம்மா இது, மிரட்டுறீங்களா?” என்றார் மேலதிகாரி.

“இல்ல சார். முகவரி கேட்டீங்க. இன்னைக்கு இவங்க இருக்கிற இடம் இதுதான். எழுதிக்கோங்க.”

வராந்தா காலியானால் போதும் என்று மதியத்துக்குள் நாற்பது பேருக்கும் அங்கேயே ஊசி போட்டார்கள். போன் நம்பர் கட்டத்தில் அவளுடைய நம்பர்.

இரண்டாவது ஊசிக்கான தகவல் ஒரே காலையில் நாற்பது முறை அவள் போனுக்கு வந்தது. அதற்குள் பலர் இடம் மாறியிருந்தார்கள். இருபத்தொன்பது பேர்தான் கிடைத்தார்கள். மீதிப் பேரைத் தேடி அவளும் டிரைவரும் இரண்டு வாரம் அலைந்தார்கள். இன்னும் நாலு பேர் அகப்பட்டார்கள். மீதி ஏழு பேருக்கான தகவலை அவள் போனிலிருந்து அழிக்கவில்லை.