ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று கணக்குப் பார்த்து வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே ஊற்றும் தோசைக்கு மாவு என் அம்மா அரைத்தது. கடைக்கார அண்ணனுக்கு அது தெரியும். அதனால் என் தட்டுக்கு மட்டும் தோசை கொஞ்சம் கூடுதலாக முறுகி வரும். எங்கள் ஊரான காப்பாரில் அரைத்த மாவு குளிர்பெட்டியில் இங்கே வந்து சேர்கிறது என்பதை நான் இன்னும் முழுதாக நம்பப் பழகவில்லை.

நாங்கள் இருந்த தோட்டம் காப்பாரின் உட்பகுதியில், செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். சுற்றிலும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. நடுவில் இருபத்திரண்டு வீடுகள் கொண்ட லயம். வாசலில் நின்றால் மரங்களுக்கு மேலே மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்பு வரை எங்களுக்குக் கிடைத்த மின்சாரமோ தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து வந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன் இரண்டு மணி நேரம், மாலை ஆறிலிருந்து பத்து வரை. அவ்வளவுதான்.

அந்த ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுக்காரர். சொந்தமில்லை, ஆனாலும் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவை அவர் தங்கச்சி என்பார். பத்து மணிக்கு அவர் எஞ்சினை அணைத்ததும் இருபத்திரண்டு வீட்டிலும் அவரைத் திட்டுவார்கள். நாடகம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது அணைத்தால் திட்டு கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கரண்டு போனாலும் யாரும் சுவிட்சை அடைக்க மாட்டார்கள். மாலை ஆறு மணிக்கு எஞ்சின் உறுமியதும் டிவி தானாகப் பேச வேண்டும், கிரைண்டர் தானாகச் சுற்ற வேண்டும். இருக்கிற நான்கு மணி நேரத்தில் சுவிட்சைத் தேடிப் போகிற நேரம்கூட வீணாகக் கூடாது. அம்மா ஐந்தரைக்கே ஊறிய அரிசியைக் கிரைண்டரில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தோட்டத்துச் சட்டப்படி வீட்டுக்கு இரண்டு லைட்டும் ஒரு ஃபேனும்தான் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எஞ்சின் தாங்காது. ஆனால் எல்லார் வீட்டிலும் ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, டிவி எல்லாம் உண்டு. மேனேஜர் வீடு பார்க்க வருகிறார் என்றால் அவற்றின்மேல் புடவை விழும், புடவைமேல் தலையணை ஏறும்.

அம்மா மருந்தடிக்கிற வேலை பார்த்தார். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு செம்பனைக்கு அடியில் களைக்கொல்லி தெளிக்கும் வேலை. அவருடைய நகங்கள் கறுத்து, ஓரங்களில் பிளந்து போயிருந்தன. காலையில் இருமல் நிற்க நேரமாகும். கிளினிக்கில் டாக்டர் இந்த வேலையை விட்டுவிடும்படி இரண்டு முறை சொல்லிவிட்டார். விட்டால் என்ன செய்வது? தெரிந்த இன்னொரு வேலை மாவரைப்பது. கிள்ளானில் ஒரு மளிகைக் கடைக்காரர் அம்மாவின் மாவில் சுட்ட தோசையைத் தின்று பார்த்துவிட்டு, தினமும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. மாவு குளிரில் இருந்து வர வேண்டும். எங்கள் வீட்டில் மாவு காலைக்குள் பொங்கி, மதியத்துக்குள் புளித்துவிடும். நாள் முழுக்க கரண்டு இருந்தால் அம்மா மருந்துத் தொட்டியைக் கீழே இறக்கி வைக்கலாம். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் லயத்துக்கு நிஜமான மின்சாரம் இழுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அதற்கு வீட்டுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான். அப்போது கிள்ளானில் மின் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனவே லயத்துக்கே நான்தான் எழுத்தாளன். மாரியம்மன் கோயில் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பேனா இரண்டு வைத்திருந்தேன், ஒன்று எழுதாவிட்டால் மானம் போய்விடுமே என்று.

"என்னென்ன சாமான் ஓட்டுவீங்க அக்கா?"

"ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன். போதும் லா தம்பி."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். கடைசியாக அம்மா வந்தார்.

"கிரைண்டர் எழுதட்டுமாம்மா?"

"அடி வாங்குவ. அதிகமா கேட்டா லயத்துக்கே குடுக்க மாட்டாங்க. ரெண்டு லைட்டுன்னு எழுது."

எழுதினேன். அழகான கையெழுத்தில், இருபத்திரண்டு பாரத்திலும் ஒரே மாதிரி எழுதினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் வகுப்பில் ஆசிரியர் ஒரு பாடம் நடத்தினார். ஓர் இடத்தில் என்னென்ன பொருட்கள் ஓடும் என்று கேட்டு, அதைக் கூட்டி, அந்த அளவுக்குத்தான் டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் போடுவார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அன்று பஸ்ஸில் காப்பார் வரும் வழியெல்லாம் கூட்டிப் பார்த்தேன். நான் எழுதியது நாற்பத்து நான்கு லைட்டும் இருபத்திரண்டு ஃபேனும். அதற்கு ஏற்ற கரண்டுதான் வரும். பெரிய கிரைண்டரும் குளிர்பெட்டியும் ஓட அதில் இடமே இருக்காது. என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"கெடைக்கிறதையும் கெடுத்துடாதப்பா."

"கேட்டது கம்மிம்மா. அதான் தப்பு."

"ஆபீஸ் கிராணிகிட்ட ஒரு தடவ மழைக்கோட்டு ரெண்டு கேட்டேன். ஒன்னும் இல்லாம அனுப்பிட்டான். உனக்கு என்ன தெரியும்?"

அம்மா சொன்னது அவர் வாழ்க்கையில் உண்மை. ஆனாலும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நாள் முழுக்க கரண்டு வந்தால் என்ன வாங்குவீர்கள் என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். ஓர் அக்காவுக்கு வாஷிங் மெஷின். கடலோரத்தில் மீன் வாங்கி மோட்டார் சைக்கிளில் விற்கும் அண்ணனுக்கு ஃப்ரீசர், ஐஸ் உருகும் முன் ஓட வேண்டியதில்லை. கடைசி வீட்டுத் தாத்தா ஏர்கோன் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கு தாத்தா ஏர்கோன்?"

"மருமக கோவத்துல இருக்கா. கூலா இருக்கட்டும்."

மாமா வீட்டிலும் கேட்டேன். அவருடைய மனைவி முந்திக்கொண்டு, "நாள் முழுக்க கரண்டு வந்தா இவருக்கு வேலையே போயிடும், அத எழுதிக்கோ," என்றார்.

"போகட்டும் லா," என்றார் மாமா. "ஊரே தெனமும் பத்து மணிக்கு என்னத் திட்டுது. நான் எப்பதான் புண்ணியம் சேக்கிறது?"

மின்சார அலுவலகத்திலிருந்து இடம் பார்க்க ஒரு மேடம் வரும் நாள் வந்தது. நோட்டு என் கையில் தயாராக இருந்தது. காலை பதினொரு மணி. மேடம் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு முதல் வீட்டுக்குள் நுழைந்தார். நானும் பின்னால் போனேன். வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. டிவி இருந்த இடத்தில் ஒரு பூப்போட்ட புடவைக் குவியல். அதன்மேல் இரண்டு தலையணை. அடுத்த வீட்டிலும் அப்படியே. மேனேஜருக்குச் செய்ததை மேடத்துக்கும் செய்திருக்கிறார்கள்.

"இந்தத் தம்பி நோட்டுல ஃப்ரீசர், வாஷிங் மெஷின்னு எழுதியிருக்காரே?" என்று மேடம் கேட்டார். தமிழ்ப் பெண்தான்.

"சின்னப் பிள்ள மேடம். ஆசைல எழுதிட்டான்," என்றார் வாஷிங் மெஷின் கேட்ட அக்கா.

மேடம் என்னைப் பார்த்தார். நான் எதையும் நிரூபிக்க முடியாதவனாக நின்றேன். எங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மா கூடத்தில் கைகட்டி நின்றார். மூலையில் கிரைண்டர்மேல் அவருடைய நீலப் புடவை, அதன்மேல் ஒரு சொம்பு. கோயில் சாமான் மாதிரி இருந்தது.

"என்ன ஓட்டுறீங்கம்மா?"

"ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன்," என்று அம்மா சொல்லி முடிக்கவில்லை.

தூரத்தில் எஞ்சின் உறுமியது. பகல் பதினொரு மணிக்கு ஒருநாளும் ஓடாத எஞ்சின். லயமே விழித்துக்கொண்டது. முதல் வீட்டில் புடவைக் குவியலுக்குள்ளிருந்து ஒருவர் செய்தி வாசித்தார். அடுத்த வீட்டில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டு மூலையில் கிரைண்டர் சுற்றியது. சொம்பு உருண்டு விழுந்தது. நீலப் புடவை சுருண்டு சுருண்டு உள்ளே போயிற்று.

அம்மா பாய்ந்து சுவிட்சை அடைத்தார். மூச்சு வாங்க நின்றார். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் அதில் கேலி இல்லை.

"அம்மா, இது என்ன?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தன் நகங்களைப் பார்த்தார். புடவையை உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கிரைண்டர் மேடம். இது பத்தாது. பெருசா ரெண்டு வேணும். ஒரு குளிர்பெட்டியும். மாவு வியாபாரம் பண்ணணும், மருந்தடிக்கிற வேலைய விடணும்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்குங்க," என்று சேர்த்தார்.

"கேக்காம விட்டிருந்தாதான் தப்பு," என்றார் மேடம். பழைய பாரங்களை மடித்துப் பையில் வைத்துவிட்டு, புதுப் பாரங்களை என்னிடம் நீட்டினார். "நடங்க தம்பி, முதல் வீட்லேர்ந்து மறுபடி போவோம்."

அன்று மதியத்துக்குள் புடவைகள் எல்லாம் மடித்து அலமாரிக்குப் போய்விட்டன. தாத்தாவின் ஏர்கோனையும் மேடம் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மாமாவைத் தேடிப் போனேன். எஞ்சின் கொட்டகையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா பகல்ல போட்டீங்க?"

"எண்ணெ மாத்துனேன் மாப்ள. ஓடுதான்னு பாக்க வேணாமா?"

எண்ணெய் டின் மூலையில் மூடி திறக்காமல் இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

கம்பங்கள் நட்டு, டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றி, மின்சாரம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வந்த பிறகு நடந்தவை ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தன. மீன் அண்ணனின் ஃப்ரீசரைத் தேடி மீனவர்கள் லயத்துக்கே வர ஆரம்பித்தார்கள். மாவும் மீனும் ஏற்ற லோரி வந்தது. லோரி சேற்றில் மாட்டி மாட்டி, செம்மண் பாதை ஒருநாள் தார் ரோடானது. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்குப் போக விடியுமுன் பஸ் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் இப்போது எங்கள் வீட்டில் மாவைப் பொட்டலம் போடுகிறார்கள். தைப்பூசத்துக்கு முன் பத்துமலைப் பக்கத்துக் கடைகள் கேட்கும் மாவை அரைக்க அவர்களும் போதுவதில்லை. கல்லூரிப் புத்தகத்தில் இதற்கெல்லாம் வட்டாரப் பொருளாதார வளர்ச்சி என்று பெயர் போட்டிருந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு நீலப் புடவைதான் ஞாபகம் வந்தது.

மாமாவுக்கு ஜெனரேட்டர் வேலை போனது. இப்போது அம்மாவின் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த அறையில் கோப்பி குடித்துக்கொண்டே, சத்தத்தை மட்டும் கேட்டு, "தங்கச்சி, மூனாவதுல பெல்ட்டு தேயுது," என்பார். திறந்து பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். மின்சாரத்துக்காக அரசாங்கத்துக்கு நன்றி, பாடம் நடத்திய ஆசிரியருக்கு நன்றி, மேடத்துக்கு நன்றி. ஆனால் தன் வேலை போகும் என்று தெரிந்தே அந்த எஞ்சினைப் போட்ட மனிதருக்கு நான் இன்றுவரை வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

அம்மா மருந்துத் தொட்டியை இறக்கி வைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. நகங்கள் வெள்ளையாக வளர்ந்திருக்கின்றன. போன தீபாவளிக்கு மருதாணி வைத்துக்கொண்டார்.

சென்ற வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடுதல் மின்சாரத்துக்கு இன்னொரு பாரம் எழுத வேண்டும் என்றார். மேசை முன் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.

"என்ன எழுதட்டும்மா?"

"கோல்ட் ரூம்," என்றார், ஏலக்காய் நசுக்கியபடியே. "சின்னதுன்னு எழுதாத."