பனிக்கடலுக்குப் போன ஏரிகள்

கறுப்புத் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு சுற்றும். நிமிரும், சாயும், படுக்கும், மறுபடி எழும். கணினியில் மென்பொருள் கருவிகளை நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜர் யோசிக்கிறது என்று அதற்கு அர்த்தம். வரைபட வேலைக்கு ஒரு கருவி வேண்டும் என்று அதனிடம் கேட்டால், கருவி தனியாக வராது. கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைத்தால் தெருவே வேன் பிடித்து வருகிற மாதிரி, முப்பது துணைக்கருவிகளோடு வந்து இறங்கும். சண்டை இல்லாமல் அத்தனை பேரையும் எப்படி உட்காரவைப்பது என்றுதான் அந்தக் கோடு சுற்றுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் அறைத்தோழன் ஞாபகத்துக்கு வருகிறான்.

திருப்பதியில் ரயிலடிக்குப் பின்னால் ஒரு மாடியறையில் இரண்டு வருடம் சேர்ந்து இருந்தோம். அவன் நகரிக்காரன். விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்ததால், பக்கத்தில் படுத்திருப்பவனிடமும் கத்தித்தான் பேசுவான். நான் புத்தூர்ப் பக்கம். எதற்கும் ஒரு ஜோக் சொல்லித் தப்பிப்பது என் வழக்கம். ஒரே கம்பெனியில் இருவருக்கும் ஒப்பந்த வேலை. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ஏரிகளின் எல்லையை வரைய வேண்டும். கம்பெனி எங்களை நம்பிக் கொடுத்தது ஒரே ஒரு லேப்டாப். பகலில் அவன், சாயங்காலம் நான்.

அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் லேப்டாப்புக்குள் தனி வீடு, அதாவது தனி என்விரான்மென்ட், கட்டிவிடுவான். அதில் நான் நுழையக் கூடாது. “ஒரே சட்டையில ரெண்டு பேரு பூந்தா கிழியாம இன்னாடா பண்ணும்? உனக்கு வேணும்னா புதுசா கட்டிக்கினு போ” என்பான். இதைச் சொல்லும்போது பெரும்பாலும் என் சட்டையைத்தான் போட்டிருப்பான்.

அக்கா மகளுக்குக் காது குத்து என்று ஒருநாள் அவன் நகரிக்குப் போனான். சாயங்காலம் எனக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. புது வீடு கட்ட அரைமணி நேரம் ஆகும். அரைமணி நேரம் உழைக்கிற ஆளா நான்? அவன் வீட்டுக்குள்ளேயே போனேன். வாக்காளர் பட்டியல்போல் நீளமாகப் பெயர்களைக் காட்டி, இவற்றையெல்லாம் மாற்றலாமா என்று பேக்கேஜ் மேனேஜர் கேட்டது. சோற்றில் சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்டால்கூடக் கொஞ்சம் யோசிப்பேன். இதற்கு யோசிக்காமல் சரி என்று அடித்தேன்.

மறுநாள் விடியலில் அவன் ரயிலில் வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டான். இருவரும் சித்தூருக்கு பஸ் பிடித்தோம். அதிகாரிகள் முன்னால் ஏரிகளைக் காட்ட வேண்டும். நன்றாக நடந்தால் அவன் வேலை நிரந்தரம் என்று கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார். அவன் நிரலை ஓடவிட்டான். திரையில் ஆந்திரா காலியாக இருந்தது. நான் மாற்றிவைத்த புதுக் கருவி, அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையைப் பிறகும் எதிர்பார்க்கிற ரகம். அவன் நிரலோ பழைய வழக்கப்படி தீர்க்கரேகையை முதலில் கொடுத்தது. நாங்கள் வரைந்த சத்தியவேடு ஏரிகள் மொத்தமும் வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலில் மிதந்தன.

“ஏமய்யா, மா செருவுலு எக்கட?” என்றார் ஓர் அதிகாரி, எங்கள் ஏரிகள் எங்கே என்று. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வராண்டாவில் அவன் கேட்டான்: “நீ எதுனா கை வெச்சியாடா?”

“நானா? உன் வூட்டுப் பக்கமே வர்லடா. ஏரிக்கு வெயில் தாங்கல போல, குளு குளுன்னு எடம் தேடிக் கெளம்பிடுச்சி.”

அவன் சிரிக்கவில்லை. லேப்டாப்போடு ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்தான். மத்தியானத்துக்குள் ஏரிகள் ஊர் திரும்பின. ஆனால் அதிகாரிகள் கிளம்பியிருந்தார்கள். “செக் பண்ணாம வந்துட்டேன் சார், என் தப்புதான்” என்று மேனேஜரிடம் சொன்னான். வேலை நிரந்தரமாகவில்லை. நாலு மாதம் கழித்து ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்விட்டான்.

மூன்று வருடமாக அறையில் நான் மட்டும்தான். ஜோக் அடிக்கிறவனுக்குக் கேட்க ஒரு காதாவது வேண்டும். ஃபேன் சுற்றுமே தவிர, சிரிக்காது.

போன வாரம் கம்பெனி புது லேப்டாப் அனுப்பியது. பழையதைத் திருப்பித் தருவதற்கு முன், அதற்குள் அவன் கட்டிய வீட்டில் இருந்த கருவிகளை அப்படியே புதியதில் அமைக்கப் பட்டியல் எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, எந்த நாளில், எந்த நேரத்தில், என்னென்ன மாறியது என்று பேக்கேஜ் மேனேஜர் எல்லாவற்றையும் குறித்துவைக்கும் என்று. இத்தனை வருடம் இதே தொழிலில் இருப்பவனுக்கு இது தெரியவில்லை. காது குத்து நடந்த நாளின் சாயங்காலம், ஆறு நாற்பது: என் கைவரிசை. அதற்குக் கீழே, மறுநாள் மத்தியானம்: பழைய நிலைக்குத் திருப்பியது. இந்தப் பட்டியலைப் படிக்காமல் அவனால் திருப்பியிருக்க முடியாது.

உடனே அவனுக்குப் போன் செய்தேன்.

“டேய், அன்னிக்கு ஏரியெல்லாம் பனிக்குள்ள போச்சே. அது நான்தான்டா.”

“தெரியும்டா.” அதே கத்தல்.

“அப்புறம் ஏன்டா ஒரு வார்த்த கேக்கல?”

“வராண்டாவுல கேட்டேனே. அதுக்கப்புறம் நீயே சொல்லுவன்னு நாலு மாசம் அந்த ரூம்லயே பாத்துக்கினு இருந்தேன். நீ தெனமும் ஒரு ஜோக்குதான் சொன்ன.”

ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது என்றான். நான் வாயைத் திறந்தேன். ஒரு ஜோக்கும் வரவில்லை.