குத்துச்சண்டையும் அப்பாவின் கையெழுத்தும்

சீனச் சண்டை ஓய்ந்திருந்த சமயம். ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்கிற வடநாட்டுக் கல்லூரி ஒன்றில் முதல் ஆறு மாதத்தை முடித்துவிட்டு, ஆவூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு விடுமுறையில் வந்தேன். இடது கண் நாவற்பழ நிறத்தில் வீங்கிக் கிடந்தது. மூன்று நாள் ரயில் பயணத்தில் வற்றிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். புதுக்கோட்டையில் பஸ் ஏறும்போதே கண்டக்டர், "யாருகிட்ட தம்பி வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டார்.

அம்மா என் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா அழுகிற ரகம் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். எதையும் எழுத்தில் படித்தால்தான் அவருக்குக் கோபம் வரும். நான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த படிவத்தை இரண்டு தடவை படித்தார். குதிரையேற்றத்திலோ குத்துச்சண்டை போன்ற விளையாட்டுப் போட்டியிலோ மகனுக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால் அரசாங்கம் பொறுப்பல்ல என்று ஒப்புக்கொண்டு தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் நான் திரும்பிப் போக முடியாது. எனக்கு அப்போது பதினெட்டு வயது நிரம்பவில்லை.

"நாட்டைக் காக்கப் போறவனுக்குக் குத்துச்சண்டை எதுக்குடா? சைனாக்காரன் என்ன, கையில பஞ்சு உறைய மாட்டிக்கிட்டா வாரான்?"

எனக்குச் சுருக்கென்றது. என்ன சொல்லிப் புரியவைப்பது? அந்தக் கல்லூரியில் நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தார்கள். முள்கரண்டியால் பட்டாணியைக் குத்தப்போய் அது எதிரே இருந்தவன் மடியில் விழுந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையிலும் சிரித்தார்கள். மைதானத்தில் மட்டும்தான் அந்தச் சிரிப்பு இல்லை. ஜெனரல் மகனுக்கும் வாத்தியார் மகனுக்கும் ஒரே கையுறை. புதிதாகச் சேர்ந்தவன் ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது ரிங்கில் ஏறியே ஆக வேண்டும். ஏறினால் இங்கிலீஷ் தேவையில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

"கையெழுத்தெல்லாம் ஆகாது. திருச்சியில காலேஜுல சேத்துவிடுறேன், படி" என்றார் அப்பா.

"சண்ட எப்படி நடந்துச்சுன்னாவது கேளுங்கப்பா. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன்.

காலி நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினேன். உட்கார்ந்து சொல்லுகிற கதையா அது?

கடைசிச் சண்டை என்னுடையது. கல்லூரியில் எங்கள் பிரிவும் எதிர்ப் பிரிவும் அதுவரை வெற்றிக் கணக்கில் சமம். நான் ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. எதிரே நின்றவன் பஞ்சாப் பக்கத்துப் பையன், என்னைவிட அரைச் சாண் உயரம். மணி அடித்தது. அடித்ததும் முந்நூறு பேரும் கப்சிப். அங்கே அப்படி ஒரு வழக்கம்: ரவுண்டு நடக்கும்போது பார்க்கிறவர்கள் மூச்சுவிடக் கூடாது, மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் கைதட்ட வேண்டும். நம் ஊர் சடுகுடுவில் ஊரே தொண்டை கிழியக் கத்தும். அந்தச் சத்தத்தில் பயம் தெரியாது. அங்கே என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது.

முதல் ரவுண்டு முழுக்க அவன் அடித்தான், நான் வாங்கினேன். இதைச் சொன்னபோது அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது ரவுண்டில் அவன் இடது கையைக் கொஞ்சம் தாழ்த்தினான். ஒரே ஒரு கணம்தான். குனிந்து உள்ளே புகுந்து தாடையில் விட்டேன் ஒன்று. மனுஷன் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான். அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நானும் அவர் முகத்துக்கு நேரே கையை ஓங்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

"அப்ப ஜெயிச்சிட்டியா?"

இங்கேதான் கதையைப் பாதியில் விழுங்கிவிட நினைத்திருந்தேன். அவர் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்து முடியவில்லை.

"இல்லங்கப்பா. தோத்துட்டேன்."

எங்கள் பக்கம் சடுகுடுவில் ஒருவனை மண்ணில் சாய்த்தால், சாய்த்தவனே கைகொடுத்துத் தூக்கி முதுகு மண்ணைத் தட்டிவிட வேண்டும். தட்டிவிடாமல் போனால் ஆட்டம் பகையாகிவிடும். இரண்டு வீட்டுக்காரர்களும் கோயிலில்கூட முகம் பார்க்க மாட்டார்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து செய்தது, யோசித்தா செய்வேன்? ஓடிப்போய் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். கையுறையால் அவன் முதுகைத் தட்டிக்கூட விட்டேன். ரெஃபரி தூரத்து மூலையைக் காட்டி ஏதோ கத்தினார். விழுந்தவனை விட்டு விலகி நான் அந்த மூலைக்குப் போனால்தான் அவர் ஒன்று, இரண்டு எண்ணத் தொடங்குவார். பத்து வரை எண்ணி அவன் எழாவிட்டால் வெற்றி எனக்கு. நானோ அவனுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் எங்கே எண்ணுவது? மூச்சுவிடக் கூடாத முந்நூறு பேரும் வழக்கத்தை மறந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதற்குள் அவனுக்குத் தெளிந்துவிட்டது. மூன்றாவது ரவுண்டில் வாங்கியதுதான் இந்தக் கண். இரண்டு தடவை விழுந்தேன், இரண்டு தடவையும் எழுந்தேன். அவன் என்னைத் தூக்கவில்லை. ஒழுங்காக மூலைக்குப் போய் நின்றான். கோப்பை போயிற்று. மறுநாளிலிருந்து எங்கள் பிரிவில் என் பெயர் நர்ஸம்மா.

"இருந்தாலும் கடைசி மணி அடிக்கிறப்ப நின்னுக்கிட்டுத்தாம்பா இருந்தேன்" என்றேன்.

"மீசையே இன்னும் மொளைக்கலே. அதுக்குள்ள மீசையில மண்ணு ஒட்டலைங்கிறியா?" என்றார். வாய் சிரித்தது. சிரித்தபடியே, கையெழுத்துப் போடாமல், படிவத்தை மடித்து என் பக்கம் நகர்த்திவைத்தார். அத்தனை அடி வாங்கியபோது வராத அழுகை அப்போது வந்தது.

"எனக்கு அங்கிட்டுப் போகணும்பா. அடி விழும்னு தெரிஞ்சும் மூணாவது ரவுண்டு மணிக்கு எந்திரிச்சுப் போனேன்ல, அது நானான்னு எனக்கே தெரியல. அந்த மைதானம் இல்லாட்டி, அப்படி ஒருத்தன் எனக்குள்ள இருக்கிறது தெரிஞ்சே இருக்காது."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விழுந்த புள்ளையத் தூக்கி விட்டிருக்கான். அதுல என்னங்க தப்பு? இதுக்குப் போயி சிரிச்சாங்களாம்."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"திரும்பவும் ஒருத்தன் ஒன் முன்னால விழுந்தா என்ன செய்வே?"

தூக்குவேன் என்று சொன்னால் அம்மா மகிழ்வாள், அப்பாவும் மெச்சக்கூடும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயிலில், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறவர் அவர். ஆனால் பொய் வரவில்லை.

"தூக்க மாட்டேம்பா. மூலைக்குப் போயி நிப்பேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். படிவத்தைப் பிரித்து, மரணம் என்ற சொல் இருந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

"எதிராளியத் தூக்கி விடுற புள்ளையப் பட்டாளத்துக்கு அனுப்ப எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார். "இனிமே போயிட்டு வா."