டீசல் ஊற்றிக் கழுவிய போத்தல்கள்

எண்பதுகளில் மலேசியாவில், கிள்ளானில் எண்ணெய் சோதிக்கும் கூடமொன்றில் வேலை செய்தேன். கிழக்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் எது சிந்தினாலும், கடல் தண்ணீரோடு ஒரு போத்தலில் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். கச்சா எண்ணெய் தார் மாதிரி கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். கிரேனில் ஓடும் ஹைட்ராலிக் எண்ணெய் விரலில் வழுக்கும். டீசல் மூக்கில் ஏறும். எண்ணெய்க் கிணற்றிலிருந்து வாயுவோடு வரும் மெல்லிய எண்ணெய்தான் மோசம். பெட்ரோல் வாடை அடிக்கும். மூடி சரியில்லை என்றால் வந்து சேர்வதற்குள் பறந்துவிடும்.

காலிப் போத்தல்களைக் கழுவித் திருப்பி அனுப்புவது என் வேலை. கச்சா எண்ணெய்க் கறை சோப்புக்கு அசையாது. பட்டறைக்காரர்கள் செய்வதுபோல டீசல் ஊற்றிக் குலுக்கி, ஒரு முறை தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் கவிழ்த்துவிடுவேன். பளபளவென்று இருக்கும். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு.

என் அக்காள் கணவர் அப்படியொரு மேடையில் டீசல் குழாயைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். கப்பலிலிருந்து அவர் டீசல் ஏற்றிய ஒரு காலையில் கடலில் எண்ணெய்ப் படலம் தெரிந்தது. போத்தல் எங்களிடம் வந்தது. டீசல் என்று எழுதிக் கொடுத்தார் எங்கள் பாஸ். மச்சானை வேலையிலிருந்து நிறுத்தி, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வால்வ நல்லா மூடினேன்டா. அது டீசலே இல்ல, பெட்ரோல் வாடை அடிச்சுச்சு," என்றார் மச்சான்.

மறுநாள், நான் கழுவி அடுக்கியிருந்த போத்தல் ஒன்றைத் திறந்து முகர்ந்தேன். டீசல். சிந்திய மெல்லிய எண்ணெய் வழியிலேயே பறந்துபோயிருக்கிறது. நான் கழுவிய டீசல்தான் சோதனைக்கு மிஞ்சியிருக்கிறது.

பாஸிடம் போய்ச் சொன்னேன்.

"ஃபைல் குளோஸ் பண்ணியாச்சு லா. இனி எதை வச்சு டெஸ்ட் பண்றது? அந்தப் போத்தலையும் நீதான் கழுவிட்டியே. வெளிய சொன்னா உன் வேலையும் போகும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காள் பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வந்தாள்.

"தம்பி, வேலை போனா போவுது. இவர் என்கிட்ட பொய் சொல்றாரா? அதை மட்டும் சொல்லு."

"பேப்பர்ல டீசல்னுதான்க்கா இருக்கு," என்றேன். கோழைப் பயல் நான், போத்தல் கழுவிய கதையைச் சொல்லவில்லை.

மச்சானுக்குக் கடல் வேலை பிறகு கிடைக்கவே இல்லை. தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டினார். அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். மச்சான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், அக்காள் எழுந்துபோய்க் குழாயை இன்னொரு முறை திருகி மூடிவிட்டு வருவாள். மச்சான் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். நானும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.